தயிர்ச் சட்டிக்குப் பக்கத்தில்

மெஸ்ஸில் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் ஒரு ஃப்ரிட்ஜ் நிற்கிறது. ஒற்றைக் கதவு, வெளிறிப்போன சிவப்பு, கைப்பிடியில் சுற்றிய துண்டுத் துணி. கீழ்த்தட்டில் நாளைக்கான தயிர்ச் சட்டி. நடுத்தட்டில் கொத்தமல்லிக் கட்டு, பச்சை மிளகாய், பாதி துருவிய தேங்காய் மூடிகள். அதே தட்டின் வலது ஓரத்தில் ஐந்தாறு டப்பாக்கள். ஒன்று எவர்சில்வர் டிபன், ஒன்று பழைய ஐஸ்கிரீம் டப்பா, ஒன்று ஜிப் வைத்த நீலப் பை. ஒவ்வொன்றின் மேலும் பிளாஸ்திரி ஒட்டிப் பேனாவால் ஓர் எண் எழுதியிருக்கும். 7, 9, 12, 15. எல்லாம் மாடியில் இருக்கும் லாட்ஜின் அறை எண்கள். டப்பாவுக்குள் இருப்பது ஊசி மருந்து.

மதுரை மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு தெரு. முனையில் குழந்தைப்பேறு சிகிச்சைக்கான ஆஸ்பத்திரி. எதிரே லாட்ஜ், லாட்ஜுக்கு அடியில் என் சித்தப்பா மகன் நடத்தும் மெஸ். அவன் வண்டியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டான். ரிட்டயர் ஆகி வீட்டில் சும்மா இருக்கும் அண்ணன் நான். மூன்று வாரத்துக்குக் கல்லாவில் உட்காரச் சொன்னான். கட்டுப் போட்ட காலோடு கட்டிலில் கிடந்தபடி அவன் சொன்ன தொழில் ரகசியங்கள் இரண்டுதான்.

“அண்ணே, ஊசி டப்பாவை மேல ஐஸ் பெட்டிக்குப் பக்கத்துல வச்சிராத. உறைஞ்சா போச்சு. ஒரு பேனா ஊசி நம்ம மாச வாடகை.”

இரண்டாவது: “இங்க சாப்பிட வர்றவங்ககிட்ட எதுவும் கேக்காத. கல்யாணமாகி எத்தனை வருசம்னு மட்டும் கேட்டுறாத. அதுக்குத்தான் பேச்சு கொறச்சலான ஆளா உன்னையக் கூப்பிட்டேன்.”

இப்படித்தான் நான் அங்கே வாயைக் கட்டிப்போட்டு உட்கார்ந்தேன். கண்ணைக் கட்டச் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் அறைக்காரி வந்தது என் இரண்டாம் நாள். சாத்தூர்ப் பக்கம். என் மகள் வயதுதான், முப்பத்திரண்டு இருக்கும். காலை ஏழு மணிக்கு இறங்கி வந்து, உட்கார்ந்ததும் பையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். எதுவும் கேட்கவில்லை. சப்ளையர் பையன் இரண்டு முறை வந்து நின்றுவிட்டுப் போனான். அவள் கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. சரியாக ஏழரைக்குத் தலையைத் திருப்பி, “மூணு இட்லி. சட்னி, சாம்பார் வேண்டாம். கொஞ்சம் சீனி,” என்றாள்.

அல்சர்க்காரர்களை எனக்குத் தெரியும். என் அப்பாவுக்கு வயிற்றைக் கிழித்து ‘அல்சர் ஆபரேஷன்’ செய்தார்கள். அந்த அரை மணி நேரக் காத்திருப்பும், தட்டின் விளிம்பில் கொட்டிய சீனியும், இடக்கை இரண்டு விரல் நெஞ்சுக்குழிக்குக் கீழே போய் நிற்பதும் நான் அறியாதவை அல்ல. விரல்கள் அழுத்தவில்லை. கதவைத் தட்டலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல அங்கேயே இருந்தன.

ஒவ்வொரு மேசையிலும் எலுமிச்சை ஊறுகாய் ஜாடி ஒன்று இருக்கும். வெள்ளைப் பீங்கான், பழுப்பு மூடி, உள்ளே மரக்கரண்டி. அவள் உட்கார்ந்ததும் கூட வந்த கணவன் செய்த முதல் வேலை அந்த ஜாடியைத் தூக்கிப் பக்கத்து மேசையில் வைத்தது. அவள் கண் ஜாடியோடு பக்கத்து மேசை வரைக்கும் போய்த் திரும்பியது. அதைக் கணவன் பார்க்கவில்லை. கல்லாவிலிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும்.

மெஸ்ஸில் மேசைகள் நெருக்கம், மனிதர்கள் அதைவிட நெருக்கம். நான் கேட்காமலே கதை வந்துசேர்ந்தது. கல்யாணமாகி எட்டு வருடம். அதில் ஆறு வருடம் மாதாமாதம் வளர்பிறை சஷ்டிக்கு விரதம், ஐப்பசியில் கந்த சஷ்டிக்குத் திருச்செந்தூரில் ஆறு நாள் வெறும் பாலும் பழமும். சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்று நம் ஊரில் சொல்லாத வாய் ஏது? அகப்பையில் வரவில்லை. வயிற்றில்தான் எரிச்சல் வந்தது. மாதவிலக்கு நாளில் வலி தாங்காமல் மெடிக்கலில் வாங்கிப் போட்ட மாத்திரைகள் ஒரு பக்கம். போன வருடம் விருதுநகரில் குழாய் விட்டுப் பார்த்தபோது, இரைப்பையைத் தாண்டினவுடனே குடலின் முதல் வளைவில் புண். ‘கிருமி இருக்கு’ என்று பதினான்கு நாளுக்கு மூன்று வகை மாத்திரை. அதற்குப்பின் புண் ஆறவேண்டும், ஆறினபிறகுதான் ஊசி என்று எட்டு மாதம் காத்திருக்க வைத்தார்கள். அந்த எட்டு மாதத்தை மாமியார் இன்னும் வீணாய்ப் போன கணக்கில்தான் எழுதி வைத்திருக்கிறார்.

இதில் விரதத்தின் பேரில் முழுப்பழியையும் போட முடியாது. பட்டினி வலியைக் கிளறும், புண்ணை உண்டாக்குவது பெரும்பாலும் கிருமியும் வலி மாத்திரையும்தான். இதை உலகம் ஒப்புக்கொள்ளவே நாளாயிற்று. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷல், ராபின் வாரன் என்ற இரண்டு டாக்டர்கள் 1982-இல் அந்தக் கிருமியை வளர்த்தெடுத்தார்கள். ஈஸ்டர் விடுமுறையில் எடுத்துப் பார்க்காமல் விட்டுப்போன தட்டில்தான் அது முளைத்திருந்தது. இரைப்பை அமிலத்தில் எந்தக் கிருமி பிழைக்கும் என்று சிரித்தார்கள். 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்து, சில நாளில் வாந்தியும் வயிற்று அழற்சியுமாகி, இதோ என்று காட்டினார். நோபல் பரிசு கிடைத்தது 2005-இல். அவர்களுக்கு முன்புவரை உலகமெங்கும் அல்சருக்குச் சொன்ன காரணம், கவலையும் காரமும். நம் வீடுகளில் இன்னும் அதுதான். ‘நீ கவலைப்பட்டே புண்ணாக்கிக்கிட்ட’ என்று ஒரு பெண்ணைப் பார்த்துச் சொல்வதில் இருக்கும் வசதி கிருமியைப் பார்த்துச் சொல்வதில் கிடையாது.

சோற்றுக்கும் இதில் பங்கு சொன்னவர் உண்டு. 1960-களில் எஸ். எல். மல்கோத்ரா என்ற ரயில்வே டாக்டர், ரயில்வே ஊழியர்களை வைத்து ஒப்பிட்டு, சோறு தின்னும் தெற்கில் இந்தப் புண் அதிகம், கோதுமை தின்னும் வடக்கில் குறைவு என்று எழுதினார். ரொட்டியை மென்றுதான் தீர வேண்டும். சோற்றைக் குழம்பு ஊற்றி மெல்லாமலே உள்ளே தள்ளிவிடலாம். மென்றால் எச்சில் ஊறும், எச்சில் காப்பாற்றும் என்பது அவர் வாதம். சரியோ தப்போ, ரசம் சாதத்தைப் பருக்கை பருக்கையாக மெல்லும் பன்னிரண்டைப் பார்த்தபோது எனக்கு அவர் ஞாபகம் வந்தது.

நான்காம் நாளிலிருந்து அவள் வயிற்றுக்குள் இரண்டு நாட்டாமைகள் உட்கார்ந்துவிட்டார்கள். ஒன்று விருதுநகர் டாக்டரின் சீட்டு: கொஞ்சம் கொஞ்சமாக, நேரத்துக்கு, காரமும் புளியும் குறைத்து, ராத்திரி சீக்கிரம் சாப்பிட்டு. இன்னொன்று எதிர் ஆஸ்பத்திரியில் கொடுத்த தாள்: புரதம் நிறைய, முட்டை வெள்ளைக்கரு, பருப்பு, தண்ணீர் மூன்று லிட்டர், இளநீர். இரண்டும் நியாயம்தான். ஆனால் இரண்டுக்கும் சேர்த்து வயிறு ஒன்றுதானே? அவித்த முட்டையில் மஞ்சள் கருவை எடுத்துவிட்டு வெள்ளையை நாலு துண்டாக்கி வைப்பாள். ஒரு துண்டை வாயில் போட்டால் அது கரைய ஐந்து நிமிடம். ஊசி உடம்பில் ஏற ஏற, கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு முட்டிக்கொண்டது. சாப்பிடாமல் விட்டாலோ, இரண்டு மணி நேரத்தில் மேலே எரிந்தது. குடலின் தலைப்பில் வரும் புண் அப்படி. காலியாக இருந்தால் கத்தும், கவளம் போனால் அடங்கும். அந்தக் கவளத்துக்குக் கீழே இடமில்லை.

மாஸ்டர் உசிலம்பட்டிக்காரர். பேசுவதைவிட முனகுவது அதிகம். ஐந்தாம் நாள் யாரும் சொல்லாமல் மணத்தக்காளிக் கீரை வாங்கிவந்து, பாசிப்பருப்பு சேர்த்து, மிளகாய் கிள்ளாமல், இறக்கும்போது தேங்காய்ப்பால் ஊற்றி ஒரு கிண்ணம் தனியாக எடுத்து வைத்தார். “இது பன்னெண்டுக்கு,” என்றார். பில்லில் எப்படிப் போடுவது என்று கேட்டேன். “கீரைக்கெல்லாம் என்ன பில்லு?” என்று திரும்பிக்கொண்டார். அந்தக் கிண்ணத்தை மட்டும் அவள் வழித்துச் சாப்பிட்டாள். அன்றைக்கு முதல் முறையாக இடக்கை மேசைமேல் இருந்தது.

ஒன்பது மணிக்குமேல் ஸ்கேன் முடித்த பெண்கள் வந்து நடு மேசையில் கூடுவார்கள். அவர்கள் பேச்சைக் கண்ணை மூடிக் கேட்டால் நகைக்கடை என்றே நினைப்பீர்கள்.

“எனக்கு வலதுல அஞ்சு, இடதுல நாலு.”

“பெருசு எத்தனை எம்எம்?”

“பதினாறு. பதினெட்டு வரணும்ல.”

“எனக்கு ரெண்டு பக்கமும் சேத்தே மூணுதாங்க்கா.”

“மூணு போதும்டி. நமக்கு வேண்டியது ஒண்ணுதான?”

மாதத்துக்கு ஒரு முட்டையை மட்டும் முதிரவிட்டு மற்றதையெல்லாம் வாடவிடுவது உடம்பின் வழக்கம். இந்த ஊசி அந்த வழக்கத்தை மீறி, வாட இருந்ததையும் சேர்த்து வளர்க்கிறது. பெருநெல்லிக்காய் அளவுள்ள சூற்பை சிலருக்குச் சாத்துக்குடி அளவுக்குப் போய்விடும். அதனால் ஒரு வாரத்தில் அந்தப் பெண்களின் நடையே மாறிப்போகும். ததும்பும் குடத்தைத் தூக்கி வருவதுபோல மெல்ல வருவார்கள், உட்காருமுன்பே நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொள்வார்கள். பன்னிரண்டின் இடக்கையும் இடம் மாறியது. நெஞ்சுக்குழியிலிருந்து இறங்கித் தொப்புளுக்குக் கீழே வந்தது. தொப்புளுக்கு இரண்டு விரல் தள்ளி, ஒரு நாள் வலம், ஒரு நாள் இடம், தோலைக் கிள்ளிப் பிடித்து ஊசி. ஏழாம் அறைக்காரி சேலையை லேசாக விலக்கித் தோழிக்குக் காட்டியபோது கண்ணில் பட்டுவிட்டது. நீலமும் பச்சையுமாகச் சின்னச் சின்னப் பொட்டுகள். நான் உடனே சில்லறை எண்ண ஆரம்பித்துவிட்டேன்.

ஆறாம் நாள் மாமியார் வந்து இறங்கினார். கையில் இரண்டு கிலோ சாத்தூர் காராச்சேவு. “அண்ணாச்சி, உங்களுக்கு ஒரு கிலோ, ஆஸ்பத்திரி நர்ஸம்மாளுக்கு ஒரு கிலோ.” நல்ல மனுசி. ஆனால் நல்ல மனுசிகளுக்கே உரிய சத்தம். மருமகள் தட்டை எட்டிப் பார்த்தார்.

“என்ன தாயி, குருவி கொத்துற மாதிரி கொத்துற? இப்படிச் சாப்புட்டா எங்கிட்டுத் தங்கும்?”

“வயிறு முட்டுது அத்தை.”

“முட்டத்தான் செய்யும். அதுக்குத்தான ஊசி போடுறாக. அந்த முட்டையக் கொறச்சுக்க, சூடு. பப்பாளி பக்கமே போகாத.”

“டாக்டர்தான் முட்டை...”

“டாக்டர் சொல்லுவாரு. பெத்தவுக யாரு, நாமளா டாக்டரா?”

அவள் முட்டையின் நான்காம் துண்டைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினாள். டாக்டரைக் கேட்டா, அத்தையைக் கேட்டா, இல்லை நிஜமாகவே முடியாமலா என்று தெரியவில்லை. அன்றைக்குச் சுற்றி உட்கார்ந்திருந்த எல்லோரும் அவள் சாப்பாட்டைப் பற்றிப் பேசினார்கள். கணவன், மாமியார், பக்கத்து மேசை ஏழு, ஒன்பதின் அம்மா, ஏன், எங்கள் சப்ளையர் பையன்கூட ‘அக்காவுக்கு இளநி வாங்கியாரவா’ என்றான். உனக்கு என்ன வேணும் என்று மட்டும் ஒரு குரல் வரவில்லை. எனக்கும் கேட்க உத்தரவில்லை.

ஒன்பதாம் நாள் காலை மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு. ஒன்பதிலிருந்து இரண்டு வரை மின்தடை என்று பேப்பரில் வந்திருக்கிறது, நான் படிக்கவில்லை. ஒன்பதரைக்கு ஃப்ரிட்ஜ் முனகலை நிறுத்தியபோதுதான் உறைத்தது. ஊசி மருந்து 2 டிகிரிக்குக் கீழே போகக்கூடாது, 8 டிகிரிக்கு மேலே ஏறக்கூடாது. வெளியே சித்திரை வெயில். ஜெனரேட்டர் லாட்ஜின் லிஃப்டுக்கும் விளக்குக்கும்தான், மெஸ்ஸுக்கு இல்லை. நான் கதவைத் திறந்து திறந்து பார்ப்பதைக் கண்டு மாஸ்டர் என் கையைத் தட்டிவிட்டார். “தொறந்தா குளிர் போயிரும்ல?” சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவர் அரை மணியில் ஒரு தெர்மாக்கோல் பெட்டியோடு வந்தார். பெட்டியில் ஐஸ் கட்டி. பெட்டியின் பக்கவாட்டில் கொட்டை எழுத்தில் ஒரு மீன்கடையின் பெயர். வாடை தெரு வரைக்கும் வந்தது.

ஐஸ் நேரே படக்கூடாது. டப்பாக்களைத் துண்டில் சுற்றி, இடையில் பழைய செய்தித்தாள் வைத்து, ஒவ்வொன்றாக அடுக்கினோம். 7, 9, 12, 15. அந்த நேரம் பார்த்து மாமியார் வந்து நின்றார். கிருத்திகை, அவர் கவுச்சி தொடாத நாள். மூக்கைச் சுளித்தார், பெட்டியைப் பார்த்தார், 12 என்ற எண்ணைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. இடுப்பில் செருகியிருந்த திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு சிட்டிகை எடுத்து மூடியின் மேல் தூவிவிட்டுப் போனார்.

அந்த மருந்தின் பூர்வீகம் தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பாரோ. பேனாவில் வருவது இப்போது ஆய்வகத்தில் வளர்த்தெடுப்பது. ஆனால் நீலப் பையில் இருந்த பொடி மருந்தின் வம்சம் வேறு. மாதவிடாய் நின்ற பெண்களின் உடம்பில் இந்த ஊசியில் இருக்கும் ஹார்மோன் ஏராளமாகச் சுரந்து சிறுநீரில் வீணாகிறது என்று கண்டுபிடித்தார்கள். அந்த வயதுப் பெண்கள் கூட்டமாக, யாருமே கர்ப்பமாக இருக்க வழியில்லாமல், ஒரே கூரையின் கீழ் கிடைப்பது எங்கே? இத்தாலியின் கன்னியர் மடங்களில். 1950-களின் கடைசியில் அங்கே வயதான கன்னியாஸ்திரிகளின் சிறுநீரைச் சேகரித்து மருந்து காய்ச்சினார்கள். அந்த மருந்தால் உண்டான முதல் குழந்தை 1962-இல் இஸ்ரேலில் பிறந்தது. பிள்ளை வேண்டாமென்று சத்தியம் செய்துகொடுத்தவர்கள் கழித்ததிலிருந்து பிள்ளை வேண்டுமென்று தவிப்பவர்களுக்கு மருந்து. இதை எந்தப் புராணக்காரரும் கற்பனை செய்யவில்லை.

ஃப்ரிட்ஜ் என்றதும் இன்னொருவர் நினைவுக்கு வருகிறார். கல்கத்தா டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய். இங்கிலாந்தில் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது 1978 ஜூலை 25. அதே வருடம் அக்டோபர் 3-ஆம் தேதி கல்கத்தாவில் ஒரு பெண் குழந்தை. இதே ஜாதி ஊசியைப் போட்டு முட்டைகளை வளர்த்து, கருவை உறையவைத்துப் பாதுகாத்து, பிறகு தாயின் வயிற்றில் வைத்தார். எளிய கருவிகளும் சாதாரண ஃப்ரிட்ஜும்தான் அவர் சொத்து என்பார்கள். அரசாங்கம் போட்ட குழு நம்பவில்லை, நையாண்டி செய்தது. கண் ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். 1981-இல் தூக்கில் தொங்கிவிட்டார். இன்று நம் ஊரில் தெருவுக்கு ஒரு போர்டு தொங்குகிறது. இரண்டு மணிக்குக் கரண்ட் வந்து எங்கள் ஃப்ரிட்ஜ் மறுபடி முனக ஆரம்பித்தபோது அவரைத்தான் நினைத்துக்கொண்டேன்.

பதினோராம் நாள் பன்னிரண்டுக்குப் ‘பதினெட்டு’ வந்துவிட்டது. அன்றைக்கு ராத்திரி பத்தரைக்குக் கடைசி ஊசி. முட்டையை முதிர்த்து விடுவிக்கும் ஊசி, நிமிடம் தவறக்கூடாது. அதிலிருந்து முப்பத்தைந்து, முப்பத்தாறு மணி நேரம் எண்ணித்தான் முட்டை எடுக்கும் நேரத்தைக் குறிப்பார்கள். மெஸ் பத்துக்கு மூடும். நான் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு விளக்கடியில் உட்கார்ந்திருந்தேன். பத்தேகாலுக்குக் கணவன் குனிந்து உள்ளே வந்தான். டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். திறந்து பார்த்தான், மூடினான், மறுபடி திறந்தான். கை நடுங்கியது.

“அண்ணாச்சி, மணி கரெக்டா?”

சுவர்க் கடிகாரம் மூன்று நிமிடம் வேகம். அதைச் சொன்னேன். மூன்று வாரத்தில் நான் அவனிடம் பேசியது அது ஒன்றுதான்.

மறுநாள் ராத்திரிதான் எனக்குச் சங்கடம். விடிந்தால் முட்டை எடுப்பு, மயக்க மருந்து. பன்னிரண்டு மணிக்குமேல் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது. மற்றப் பெண்களுக்கு அது ஒரு வேளைப் பசி. இவளுக்கு அப்படி அல்ல. காலி வயிற்றில் பின்னிரவு இரண்டு மணி என்பது அல்சர்க்காரர்களின் பிரம்மமுகூர்த்தம். அப்பா அந்த நேரத்தில்தான் எழுந்து அடுப்படியில் எதையாவது உருட்டுவார். எட்டரைக்கு இரண்டு இட்லி சாப்பிட்டாள். பதினொன்றரைக்குக் குடிக்க ஃப்ளாஸ்கில் பால் வாங்கிக்கொண்டார்கள். பால் புண்ணை ஆற்றும் என்று ஒரு காலத்தில் டாக்டர்களே மணிக்கொருதரம் கொடுத்தார்கள். முதலில் சுகமாக இருக்கும், பிறகு அதுவே அமிலத்தைத் தூண்டும் என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்கள். தெரிந்தும் நான் ஃப்ளாஸ்கை நிரப்பிக் கொடுத்தேன். அந்த ராத்திரியில் முதல் அரை மணி நேரச் சுகமும் ஒரு சுகம்தான். அன்று கடை மூடியபின் நான் வீட்டுக்குப் போகாமல் மெஸ் பெஞ்சிலேயே படுத்திருந்தேன். இரண்டு மணிக்கு வாசலுக்கு வந்து பார்த்தால், மேலே பன்னிரண்டாம் அறையில் விளக்கு எரிந்தது. சன்னலுக்குக் குறுக்கே ஒரு நிழல் போவதும் வருவதுமாக இருந்தது. நாலு மணிக்கும் எரிந்தது.

எட்டு முட்டை. மாமியார் தெருவைக் கடக்கும்போதே எட்டு விரலைக் காட்டிக்கொண்டு வந்தார். மெஸ்ஸில் இருந்தவர்களுக்கெல்லாம் காராச்சேவு பொட்டலத்தைப் பிரித்தார். சாயங்காலம் அவள் வந்து சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்தாள். வயிறு உப்பியிருந்தது. கணவன் எடை குறிக்க ஒரு சின்ன நோட்டு வாங்கியிருந்தான். எடை ஏறுதா, சிறுநீர் குறையுதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். சூற்பை ஊசிக்கு அதிகமாக ஆடிவிட்டால் வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். இளநீரும் முட்டை வெள்ளையும் அதற்குத்தான்.

அவன் மெடிக்கலில் வாங்கிவந்த மாத்திரைகளைக் கல்லா மேசையில் கொட்டி, சீட்டோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தான். ஒரு சின்ன மாத்திரைப் பட்டையில் விரல் நின்றது. பையிலிருந்து விருதுநகர் சீட்டை எடுத்தான். நாலாக மடித்து, மடிப்பு கிழிந்து, செலோடேப் ஒட்டியது. அதில் சிவப்பு மையில் எழுதியிருந்தது, ‘ஆஸ்பிரின், வலி மாத்திரை கூடாது’. இரத்தம் இளக்க, கரு வைக்கும்போது பலருக்கும் கொடுக்கிற சிறிய அளவு ஆஸ்பிரின் அது. அவன் சீட்டையும் பட்டையையும் எடுத்துக்கொண்டு செருப்புப் போடாமல் தெருவைக் கடந்து ஓடினான். திரும்பி வந்தபோது புதுச் சீட்டில் அந்த வரி அடிக்கப்பட்டிருந்தது. அதை அவளிடம் காட்டவில்லை. மடித்துப் பழைய சீட்டோடு வைத்துக்கொண்டான். ஊறுகாய் ஜாடியை நகர்த்தி வைக்கிற பையன்தானே என்று நான் அவனைக் கொஞ்சம் குறைவாக எடைபோட்டிருந்தேன்.

ஐந்து நாள் கழித்துக் கரு வைத்தார்கள். மெஸ் பாஷையில் ‘ட்ரான்ஸ்ஃபர்’. நடு மேசைப் பெண்கள் அதைத் தாலுகா ஆபீஸ் ட்ரான்ஸ்ஃபர்போலச் சொல்வார்கள். ‘எனக்கு வியாழக்கிழமை ட்ரான்ஸ்ஃபர்.’ எண்ணெயில் கரைத்த ஹார்மோன் ஊசி தினமும் இடுப்பில். சில நாடுகளில் அந்த எண்ணெய் நல்லெண்ணெய்தான் என்று பிறகு படித்தேன். அந்த ஹார்மோன் கருப்பையை மட்டும் சாந்தமாக்காது. இரைப்பையின் வாயையும் தளர்த்திவிடும், குடலின் வேகத்தையும் குறைத்துவிடும். சாப்பிட்டது மேலே வரும், கீழே போகாது. அவள் மறுபடி அரை மணி நேரக் காத்திருப்புக்குப் போனாள். மறுபடி சீனி.

அன்னாசி, பப்பாளி, எள்ளு, கருப்பட்டி என்று மாமியாரின் தடைப்பட்டியல் நீண்டது. அமெரிக்காவில் இதே நாளில் பெண்கள் அன்னாசியின் நடுத்தண்டை நறுக்கித் தின்கிறார்களாம், கரு ஒட்டிக்கொள்ளும் என்று. இரண்டுக்கும் ஆதாரம் கிடையாது. ஒரே பழம், ஒரு தேசத்தில் ஒட்டவைக்கிறது, ஒரு தேசத்தில் பிய்த்துப் போடுகிறது.

மறுநாள் ஊருக்குக் கிளம்பினார்கள். ரத்தப் பரிசோதனைக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள், அதுவரை சாத்தூரில் இருக்கலாமாம். காலையில் கடைசியாக ஒரு தரம் சாப்பிட வந்தார்கள். கணவன் பையோடு ஆட்டோ பிடிக்கப் போயிருந்தான். அதனால் ஊறுகாய் ஜாடி மேசையிலேயே இருந்தது. மாஸ்டர் குழைய வடித்த பச்சரிசிச் சாதத்தில் மோர் ஊற்றி அனுப்பியிருந்தார். அவள் இடக்கை அடிவயிற்றின் மேல் இருந்தது. அழுத்தாமல், தட்டாமல், விளக்கைக் காற்றிலிருந்து மறைக்கிற கைபோல.

மாமியார் கல்லாவுக்கு வந்தார். “மொத்தக் கணக்கையும் முடிச்சுருவோம் அண்ணாச்சி. அந்த டப்பாவையும் குடுத்துருங்க.” ஃப்ரிட்ஜிலிருந்து டப்பாவை எடுத்து வைத்தேன். 12 என்ற பிளாஸ்திரி ஈரத்தில் ஊறி ஓரம் சுருண்டிருந்தது. ஐந்நூறு ரூபாய்த் தாள்களாகக் கொடுத்தார். மீதியை எண்ணினேன்.

அவர் தோளுக்கு மேலே தெரிந்தது. அவள் ஜாடியின் மூடியைத் தூக்கினாள். கரண்டியை எடுக்கவில்லை. சுண்டுவிரல் நுனியை மட்டும் உள்ளே விட்டு, ஒரு பொட்டு அளவு தொட்டு நாக்கில் வைத்தாள். கண்ணை மூடினாள். இருபது நாளில் அவள் முகத்தில் நான் பார்க்காத ஒன்று அங்கே ஓடியது. விரலை இன்னொரு முறை ஜாடிக்குக் கொண்டுபோனாள்.

மாமியார் திரும்பப் பார்த்தார்.

“கொஞ்சம் பொறுங்கம்மா,” என்று கொடுத்த சில்லறையை வாங்கி, மேசைமேல் கொட்டி, முதலிலிருந்து எண்ணத் தொடங்கினேன்.